பச்சையிலேயே நின்ற நூறு

ஓய்வு பெற்ற பிறகு நான் இந்த அலுவலகத்துக்கு வருவது டீ குடிப்பதற்கு மட்டும்தான். போன முறை வந்தபோது உங்களில் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிஸ், காசுக் கணக்குக்கு டெசிமல் போடுறது சரி. மழை, வெயிலுக்கெல்லாம் எதுக்கு? ஃப்ளோட் போட்டா முடிஞ்சுதே" என்று கேட்டார். யார் என்று காட்டிக்கொடுக்க மாட்டேன். இப்போது குனிந்து போனைப் பார்ப்பவர் யாரோ, அவர்தான். கணினியில் எண்ணை வைக்க இரண்டு வழி இருந்தால் லேசானதைக் கேட்பது தப்பில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்து போய்விட்டேன். இது ஒரு வரியில் முடிகிற கதை அல்ல. ஒரு பிற்பகல் நடந்ததைத்தான் சொல்ல முடியும். டீ ஆறுவதற்குள் முடியாது, முதலில் குடித்துவிடுங்கள்.

அப்போது நமது அலுவலகம் பலாபத்வலையில், வீதியோரத்து ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒவ்வொன்றும் எங்கள் மேசையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போகும். ரத்தோட்டைக்கு மேலே மலையில் இருக்கும் சில தேயிலைத் தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை நாங்கள் பார்த்துக்கொண்டோம். கட்டியது நாங்கள் அல்ல. கொழும்பில் யாரோ கட்டி, ரிபன் வெட்டி, போட்டோ பிடித்து முடித்தபிறகு பராமரிப்பை மட்டும் எங்கள் தலையில் கட்டினார்கள்.

ஏற்பாடு சின்னதுதான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மலையில் ஒரு மழைமானி. அதற்குள் கரண்டி அளவில் ஒரு சின்னக் கிண்ணம். மழைத்தண்ணீர் நிறைந்ததும் கிண்ணம் ஒரு தடவை கவிழும். ஒரு கவிழ்ப்பு என்றால் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு மழை. காலையில் பூச்சியத்தில் தொடங்கி, கவிழும் ஒவ்வொரு தடவையும் எங்கள் டேட்டாபேஸில் அன்றைய தொகையோடு 0.1 கூடும். தொகை நூறைத் தொட்டால் ஸ்கிரீனில் அந்தத் தோட்டம் பச்சையிலிருந்து சிவப்பாகும்.

தோட்டத்திலும் ஒரு விளக்கு இருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில், உயரமான கம்பத்தின் உச்சியில் வைத்திருந்தார்கள். அந்த விளக்கின் பெட்டி கால் மணிக்கு ஒரு தடவை எங்கள் கணினியிடம் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். சிவப்பு என்றால் விளக்கும் சிவப்பாகும். சிவப்பைக் கண்டதும் மலையடியில் இருப்பவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

நான் சொல்லப்போகும் தோட்டத்தில், மலையடியில் இருந்தது தொழிலாளர் குடியிருக்கும் லயன் மட்டும் என்றால் பகல் நேரத்தில் அவ்வளவு பயமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தூரத்து மலைகளில் நிற்பார்கள். ஆனால் புள்ளக்காம்பராவும் அங்கேதான் இருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடைபழகும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டவள் புஷ்பம். விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். முடிந்ததும் எழுந்து, "நூறு வந்தா செவப்பு. செவப்பு வந்தா ஸ்கூலு. சரியா மிஸ்?" என்று ஒப்புவித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, புஷ்பம் விளக்கைப் பார்க்காமலே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். செய்தி கேட்ட தாய்மார் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மழை தூறக்கூட இல்லை. அன்று அவர்களுக்கு அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது பாதி நாள் சம்பளம். தோட்டத்தை நிர்வகிக்கும் ஐயா புஷ்பத்தை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசினார். விளக்கு சிவப்பாகாமல் ஒருவரும் அசையக்கூடாது என்று தோட்டத்தில் சட்டம் வந்தது. சிவப்பு வராமல் தோட்டத்துக்குப் போன் போட்டு எச்சரிக்கை சொல்லக்கூடாது என்று எங்களுக்கும் வந்தது.

இனி அந்தப் பிற்பகல்.

பலாபத்வலையில் நல்ல வெயில். வீதியோரத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். மலையில் மட்டும் காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு அங்கே பெய்கிற மழையை எண்ணாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்காத வேலை. சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தேன். புஷ்பத்தின் தோட்டம் 99.7. ஒரு வாய் எடுத்தேன். 99.8. அப்புறம் 99.9. அப்புறம் 100.0.

அங்கேயே நின்றுவிட்டது. மழை விட்டால் எண் எங்காவது ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் இது யாரோ கைகாட்டி நிறுத்தியதுபோல நேராக நூறில் வந்து நின்றது. நிறம் மாறவில்லை. பச்சை.

பக்கத்து மேசையில் அந்தோனி இருந்தார். வஹகோட்டைக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், டேட்டாபேஸுக்குள் கை வைப்பதில் என்னைவிட வேகமானவர்.

"அந்தோனி, இது எத்தனை?"

"நூறு மிஸ்."

"நிறம்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஸ்கிரீன் இறுகியிருக்கும் மிஸ், பொறுங்க." மூடித் திறந்தார். 100.0. பச்சை.

ஸ்கிரீனை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸிடமே கேட்டோம். நூறும் அதற்கு மேலும் மழை பெய்த தோட்டம் எது? ஒன்றுமில்லை என்றது. சரியாக நூறு பெய்த தோட்டம்? அதுவும் ஒன்றுமில்லை. அந்தோனி மறுபடி தட்டினார். நூறுக்குக் குறைவாகப் பெய்த தோட்டம் எது என்று கேட்டார். உடனே வந்த பட்டியலில் முதலாவதாக நின்றது புஷ்பத்தின் தோட்டம். பக்கத்தில் மழை அளவும் இருந்தது: 100.0.

"இதென்ன மிஸ், பேய்க் கணக்கா இருக்கு" என்று அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தேன். காரணம் எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும் பயம் போகவில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கிறது, தேடினால் இல்லை. அப்படி ஒரு எண் பிள்ளைகள் இருக்கும் ஒரு கூரைக்கு மேல் நிற்கிறது.

காரணம் இதுதான். பத்தை மூன்றால் பிரித்து எழுதச் சொன்னால் 3.333 என்று எழுதிக்கொண்டே போவீர்கள், எங்கோ ஓரிடத்தில் கை வலித்து நிறுத்துவீர்கள். நிறுத்திய இடத்தில் ஒரு துளி விட்டுப்போகும். கணினி இரண்டிரண்டாக எண்ணுகிற சாதி. அதற்குப் பத்தில் ஒரு பங்கு என்பது அப்படி முடியாத எண். ஃப்ளோட்டில் வைத்தால் எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கும்; டெசிமலில் வைத்தால் நாம் எழுதுகிறபடியே பத்துப்பத்தாக வைப்பதால் 0.1 வெட்டுப்படாமல் நிற்கும். ஒரு தடவை கூட்டினால் ஒன்றும் தெரியாது. கிண்ணம் ஆயிரம் தடவை கவிழ்ந்திருந்தது. ஆயிரம் தடவையும் அந்தச் சின்னப் பிழை சேர்ந்திருந்தது. அந்தோனி எல்லா இலக்கத்தையும் காட்டச் சொன்னபோது வந்தது 99.9999999999986. ஸ்கிரீன் நாகரிகமாக அதை 100.0 என்று காட்டியது. நிறத்தை முடிவு செய்கிற வரிக்கு அந்த நாகரிகம் இல்லை. அது நூறைத் தொடவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது.

கட்டியவர்கள் மடையர்கள் அல்ல. காசுக்கு டெசிமல், அளவைக்கு ஃப்ளோட் என்று பாடத்தில் படித்ததைச் செய்தார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று படம் வரைவதற்கு அது போதும். ஆனால் மனிதர்கள் ஓர் எண்ணில் கோடு கிழித்து, இதைத் தொட்டால் ஓடு என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அது வெறும் அளவை இல்லை. எண்ணி எண்ணிச் சேருகிற எதையும், கோடு கிழித்து ஒப்பிடுகிற எதையும் டெசிமலில் வையுங்கள். வேகம் குறையும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அந்தோனி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிஸ், நாமளே கையால ஒரு சொட்டுப் போட்டுட்டா? ஒரு 0.1. உடனே செவப்பாயிரும்."

"பொய்யா எதுக்குப் போடணும்? நூறு உண்மையிலேயே பெஞ்சிருக்கு. டெசிமலுக்கு மாத்தி ஒழுங்காக் கூட்டுங்க. அது உண்மையைச் சொல்லட்டும்."

"அதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

"எதைச் செஞ்சாலும் லைட்டு பெட்டி கால் மணிக்கு ஒருக்காத்தானே கேட்கும். நீங்க அதைப் பாருங்க, நான் போனைப் பார்க்கிறேன்."

முதலில் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். கொழும்பில் கூட்டமொன்றில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முந்திய தடவை வீணாக ஆட்கள் ஓடியதற்குத் தோட்டத்திடம் ஏச்சு வாங்கியவர் அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில், பச்சை என்றால் பச்சைதான், நிறம் மாறாமல் யாரையும் பயமுறுத்த வேண்டாம், அந்தப் பிழையைத் திருத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு அது கணினிப் பிழை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சரி சேர் என்று சொல்லி வைத்துவிட்டுப் புஷ்பத்தின் நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க மிஸ்."

"அங்க எப்படி புஷ்பம்?"

"மழை விட்டிருச்சு மிஸ். ஆனா சரியான பனி. கம்பமே தெரியல. லைட்டு மட்டும் மேல தனியா நிக்குது, பச்சையா."

"ஸ்கிரீன்ல நூறு காட்டுது புஷ்பம்."

"இல்லையே மிஸ். நூறு வந்தா செவப்பு வரும்னு நீங்கதானே சொன்னீங்க? செவப்பு வரல. அப்ப நூறு வரல."

இரண்டிரண்டாக எண்ணுகிற சாதி என்று ஆரம்பிக்கவா? போனைக் காதோடு அழுத்தினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. போனில் ஒரு குழந்தைச் சத்தம் இல்லை. புள்ளக்காம்பராவுக்குப் போன் போட்டால் எப்போதும் யாராவது அழுவார்கள், யாராவது தட்டைத் தட்டுவார்கள்.

"புள்ளைங்க தூங்குதா?"

"தூங்கல மிஸ். எல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கு. தொட்டில்ல கெடக்கிறதும் முழிச்சிருச்சு. ஒண்ணும் அழுவல, வெளையாடல. சும்மா பாத்துக்கிட்டு இருக்கு."

"எதைப் பார்க்குது?"

"மலைப் பக்கத்துச் செவுத்தை மிஸ். அங்க ஒண்ணும் இல்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. பால் கரைச்சுக் குடுத்தா சரியாயிரும்னு பாத்தா, பீலியில தண்ணியும் நின்னுருச்சு. இவ்வளவு மழைக்கு அடிச்சு ஊத்தணுமே. ஒரு சொட்டு இல்ல."

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழுகிற குழாய். அந்த லயனுக்கும் புள்ளக்காம்பராவுக்கும் அதுதான் தண்ணீர். நான் போயிருந்தபோது வெயில் காலத்திலும் மணிக்கட்டுத் தடிப்பில் விழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கொட்டிய மழை முழுவதும் மலைக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் உள்ளே எங்கேயோ தேங்கி நிற்கிறது. வெளியே வெயிலில் ஒரு கிழவர் மிளகைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். கத்தியிருக்கலாம். மலை வரப்போகுது, ஓடு என்று சொல்லியிருக்கலாம். அவள் முதலில் விளக்கைப் பார்ப்பாள், பிறகு ஐயாவுக்குப் போன் போடுவாள், அவர் எங்கள் மேலதிகாரிக்குப் போடுவார், மேலதிகாரி பச்சை என்பார். அவளிடம் எண்ணை வைத்து வெல்ல முடியாது, ஏனென்றால் எண்ணைப் பற்றிய பாடத்தை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். அவளுக்கு ஏச்சு விழாமல், தாய்மாருக்குப் பேர் வெட்டாமல், இப்போதே செய்யக்கூடிய ஒன்றைக் கொடுக்க வேண்டும். நெருக்கடியில் நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் மட்டும் போதாது. கேட்கிற ஆளால் அதைச் செய்ய முடிய வேண்டும்.

"பால் நேரந்தானே புஷ்பம்?"

"ஆமா மிஸ்."

"ஸ்கூல்ல டேங்க்ல தண்ணி இருக்கில்ல? பால்மாவையும் சூப்பிப் போத்தலையும் எடுத்துக்கிட்டுப் புள்ளைங்களோட அங்க போங்க. அங்க வச்சுக் கரைச்சுக் குடுங்க."

"ஐயா ஏசுவாரு மிஸ். மறுபடியும் கூட்டிட்டுப் போயிட்டேன்னு."

"பயந்து போகலையே, தண்ணிக்குத்தானே போறீங்க. தண்ணி இல்லன்னு சொல்லுங்க. அது பொய்யா?"

"தண்ணி இல்லன்னா ஏச மாட்டாருதான்" என்றாள்.

"லயன்ல இருக்கிற வயசாளிங்களையும் கூப்பிடுங்க. புள்ளைங்களைத் தூக்க ஆள் வேணும்ல. ஒருத்தரையும் விட்டுறாதீங்க. அவங்களுக்கும் அங்க ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுங்க. இப்பவே புஷ்பம். பால் பிந்தக்கூடாது."

"சரி மிஸ்." போனை வைத்துவிட்டாள். எச்சரிக்கை சொல்லக்கூடாது என்ற சட்டத்தை நான் மீறவில்லை. பால்மாவைப் பற்றித்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தோனி தட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று உட்கார்ந்து மறுபடி எழுந்தேன். புஷ்பத்துக்கு மறுபடி போன் போடலாம் என்று தோன்றியது. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு படியிறங்குகிறவள் போனை எடுக்க நிற்பாளே என்று விட்டுவிட்டேன். சோறு பார்சலிலேயே காய்ந்தது.

"வந்துட்டு மிஸ்" என்றார் அந்தோனி. தொகையை டெசிமலுக்கு மாற்றி முதலிலிருந்து கூட்டியிருந்தார். ஸ்கிரீனில் தோட்டத்தின் பெயர் சிவப்பானது. எண் அதேதான், 100.0. விளக்கின் பெட்டி இன்னும் கேட்கவில்லை. அங்கே பனிக்கு மேல் பச்சை எரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எண் அசைந்தது.

100.1. நான் மழை மறுபடி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கணம் 100.4. அப்புறம் 101.2. அப்புறம் 103. மழை அப்படிப் பெய்யாது. எந்த வானமும் அப்படிக் கொட்டாது. அது கிண்ணம் தண்ணீர் நிறைந்து கவிழ்கிற வேகம் இல்லை. அந்தக் கிண்ணத்தை யாரோ பிடித்து ஆட்டுகிற வேகம். அந்தோனியும் நானும் ஸ்கிரீனைப் பார்த்தபடி நின்றோம், ஒருவரையொருவர் பார்க்கப் பயமாக இருந்தது. மழைமானி எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். புள்ளக்காம்பராவுக்கு நேர் மேலே, சரிவில்.

எண் நின்றது. அதற்குப் பிறகு அந்த மழைமானியிலிருந்து எதுவும் வரவில்லை.

புஷ்பத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். அந்தோனி மேசையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் செபம் சொன்னார். கீழே ஒரு பஸ் போனது, மேசை ஆடியது, நாங்கள் இருவரும் துள்ளிவிட்டோம். மூன்றாவது தடவை போடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"மிஸ்." பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"எங்க இருக்கீங்க புஷ்பம்?"

"ஸ்கூல்ல மிஸ். பால் கரைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தம் வந்துச்சு. லொறி நெறையக் கல்லு கொட்டுற மாதிரி, கொட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. பனியில அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. மண்ணு வாசம் மட்டும் வருது."

"புள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்குக் கேட்கிற மாதிரி. பெரியவங்களையும்."

கூப்பிட்டாள். ரம்யா. தனுசன். கவிதா. நடக்கிற பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆயம்மா என்று அவளுக்குக் குரல் கொடுத்தன. பேசத் தெரியாததற்கு அவளே, இந்தா மடியில இருக்கு மிஸ் என்றாள். ஒரு பேருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிடுங்க என்றேன். "அவன் தூங்கிட்டான் மிஸ்" என்றாள். பிறகு வயதானவர்களின் பெயர்கள். இருமல்கள் பதிலாக வந்தன. எல்லோரும் இருந்தார்கள். நான் அழுதுவிட்டேன், அந்தோனியும் அழுதார், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஏதாவது சொல்ல வேண்டும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டாள்.

"மிஸ், லைட்டு இப்ப செவப்பாயிருச்சு. நாங்க ஏற்கனவே ஸ்கூல்லதானே இருக்கோம். புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு இனி எங்க மிஸ் போறது?"